இடப்பக்கம், நாற்பதுக்கு நான்கு

நாள் 1, 09:00
நிலவைச் சுற்றும் மூன்றாம் சரக்கு நிலையம். எழுதுவது பிரகாசி, வயது பதினேழு. இங்கே நான் மட்டும்தான். வரும் கலங்களைப் பிடிக்கும் இயந்திரக் கையைக் கணினிதான் ஓட்டும். அந்தக் கணினி பழுது. பன்னிரண்டாம் நாள் சகாயமேரி அக்கா வருகிறாள். என்னை இந்த வேலையில் சேர்த்துவிட்டவள். அதற்குள் நான் கைப்பிடியால் ஓட்டிப் பழக வேண்டும். காலிப் பீப்பாயைக் கயிற்றில் கட்டி வெளியே மிதக்கவிட்டு, திரும்பி வருகையில் பிடிக்கிறேன். கயிறு வலப்பக்கம் இருப்பதால் பீப்பாய் வலமிருந்தே வரும். நாற்பதுக்கு மூன்று.

நாள் 4, 17:20
நூற்றுக்கு எழுபத்தொன்று. முதலில் கையை எங்கே கொண்டுபோவது என்று யோசித்தேன். இப்போது யோசிப்பதற்குள் கை போய்விடுகிறது.
பூமியிலிருந்து கட்டுப்பாட்டு அதிகாரி இம்மானுவேல் சார்: "சபாஷ்மா! தொண்ணூத்தஞ்சு தாண்டுனாத்தான் கலத்தை விடுவாங்க. பாத்துக்க."

நாள் 7, 10:05
கயிற்றை இடப்பக்கம் மாற்றினேன். நாற்பதுக்கு நான்கு. பக்கத்தை மாற்றி மாற்றிச் செய்தேன். வலப்பக்கமும் தவறியது. மொத்தம் நூற்றுக்கு ஐம்பத்திரண்டு.
இம்மானுவேல் சார்: "என்னம்மா, திடீர்னு சரிஞ்சிட்டு? எதுக்கு வேண்டாத வேலை? கலம் வலப்பக்கந்தான் வரும். அந்தப் பதிவை அழிச்சிட்டுப் பழையபடி பண்ணு."
முன்பு நான் வேலை பார்த்த இறால் உரிக்கும் கம்பெனியில் சிறியதும் பெரியதும் கலந்து கொட்டினார்கள். முதல் வாரம் நிறைய வீணாக்கினேன். அப்புறம் எது வந்தாலும் கைக்குத் தெரிந்தது. இதைச் சாரிடம் சொல்ல நினைத்தேன். "சரி சார்" என்று அனுப்பினேன். அழித்தேன்.

நாள் 9, 12:00
வலப்பக்கம் மட்டும். தொண்ணூற்றெட்டு. கலம் புறப்பட்டது.
அக்கா: "ஏட்டி பிரகாசி, தொண்ணூத்தெட்டாமே! பள்ளிக்கூடத்துல முப்பத்தஞ்சே தாண்டல நீ. சரி, கருவாட்டுப் பொடி கொண்டாரேன். சோத்த வடிச்சு வையி."

நாள் 12, 14:31
கலத்தைத் திசை திருப்பும் உந்திகளில் ஒன்று அடைத்துக்கொண்டது. இடப்பக்கம் வந்தது. கண்ணால் பார்த்தேன். இடம் என்று தெரிந்தது. கை வலத்துக்குப் போனது. திருப்புவதற்குள் கலம் கடந்துவிட்டது.

14:40
அக்கா: "பரவால்லட்டி. ஒரு சுத்து சுத்திட்டு வாரேன்."
கலம் திரும்பி வர எரிபொருள் இல்லை. அவளுக்கும் தெரியும். காற்று ஆறு மணி நேரத்துக்கு.

19:50
அக்கா: "ஏட்டி, இருக்கியா? பேச வேண்டாம். மூச்சுச் சத்தமாவது கேக்கட்டும்."
ஒலிவாங்கியைத் திறந்தே வைத்தேன்.

20:52
அந்தப் பக்கம் சத்தம் இல்லை. நான் இன்னும் மூடவில்லை.

நாள் 13, 08:15
இம்மானுவேல் சார்: "மனச விட்றாதம்மா. உன் மேல தப்பில்ல. பதிவுல தொண்ணூத்தெட்டு இருக்கு."
நான் அனுப்பியது: "அழிச்சதையும் சேத்து எழுதுங்க சார். இடப்பக்கம் நாப்பதுக்கு நாலுதான். இனி ஆளை அனுப்பாதீங்க."

08:19
இம்மானுவேல் சார்: "இத இப்பச் சொன்னா எப்படிம்மா? அடுத்த கலம் காலையிலயே கெளம்பிட்டு. உள்ள ரெண்டு பேர் இருக்காங்க."

08:30
கயிறு இடப்பக்கம். ஒன்று, தவறு. இரண்டு, தவறு. மூன்று, தவறு. நான்கு, விளிம்பில் பட்டு நழுவியது, தவறு. ஐந்து