இத்துடன் ஒரு சிவப்பு ஸ்டிக்கர்

மகளுக்கு,

"முகக்கவசமாவது போட்டுட்டுப் போம்மா, எங்க சர்ச் சபைக்காரங்க பார்த்தா என் மானம் போயிடும்" என்று வானவில் ஊர்வலத்துக்கு முந்தின நாள் போனில் கெஞ்சினாய். நான் போடவில்லை.

ஊர்வலத் திடலின் வாசலில் ஒரு பெண் சிவப்பு ஸ்டிக்கரை நீட்டினாள். "போட்டோ வேணாம்னா இத ஒட்டிக்கங்க பாட்டி, யாரும் எடுக்க மாட்டாங்க."

"முப்பது வருஷம் சியோல்ல டாக்ஸி ஓட்டின மூஞ்சி இது. ஊரே பார்த்தாச்சு, நல்லா எடுக்கச் சொல்லு" என்று அதைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

"கிழவிக்கு லிப்ஸ்டிக் ஒண்ணுதான் பாக்கி" என்றாள் ஓக்புன்.

அவளைச் சித்தி என்றுதான் கூப்பிடுவாய். அவள் எனக்கு யாரென்று பத்து வயதிலேயே உனக்குத் தெரியும். தெரிந்துதான் பள்ளிச் சுற்றுலாவுக்கு அவள் சோறு வைத்துச் சுருட்டித் தந்த கிம்பாப்பை ஒரு துண்டு மிச்சமில்லாமல் தின்றாய்.

தெருவில் இறங்கினோம். போலீஸ் தடுப்புக்கு அந்தப் பக்கம் சபைக்காரர்கள் முரசடித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் நீ, "மனந்திரும்புங்கள்" என்ற அட்டையோடு.

ஓக்புன்தான் முதலில் பார்த்தாள். "ஏய், நம்ம பொண்ணு! இந்த வெயில்ல தொப்பிகூட இல்லாம நிக்கிறா பாரு" என்று கையை ஆட்டினாள். நீ அட்டையால் முகத்தை மறைத்துக்கொண்டாய். அவள் வெகுநேரம் ஆட்டிக்கொண்டே நடந்தாள்.

எழுபத்து மூன்று வயதில் நான் மூடாத முகம். நீ மூடிக்கொண்டாய்.

அந்த ஸ்டிக்கரை இத்துடன் வைத்திருக்கிறேன். அடுத்த வருஷமும் அந்தப் பக்கம் நிற்பதானால் நீ ஒட்டிக்கொள். இந்தப் பக்கம் வருவதானால் கிழித்துப் போட்டுவிட்டு வா. ஓக்புன் உனக்கும் சேர்த்துத்தான் கிம்பாப் சுருட்டுவாள். வேண்டாமென்று நான் சொன்னாலும் கேட்க மாட்டாள். நான் சொல்லப் போவதுமில்லை.

உன் அம்மா