ஏசியை நிறுத்திய மத்தியானம்

ஏசிக்குள் தூசி பிடிக்கும் வலையைக் கழற்றித் தொட்டித் தண்ணீரில் முக்கினதும் வைக்கோல் வாசம் எழுந்தது. பதினைந்து நாளைக்கு ஒருமுறை இதைக் கழுவுகிறேன். ஒவ்வொரு முறையும் முதலில் உங்கள்மேல் கோபம் வருகிறது, பிறகு என்மேல்.

நெஞ்சு ஆபரேஷன் முடிந்து நீங்கள் வீடு வந்தபோது, வெக்கை ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மீனாட்சிபுரத்தில் இருந்துகொண்டு வெக்கைக்குத் தப்பி எங்கே போவது? கோயம்புத்தூரிலிருந்து மகள் வந்து, கரண்டு குறைவாக இழுக்கும் ஐந்து ஸ்டார் ஏசியாகப் பார்த்து மாட்டிவிட்டுப் போனாள். முதல் கோடையின் பில்லைப் பார்த்துவிட்டு, "பரவால்ல புள்ள, உன்னையவிடச் செலவு கம்மி" என்றீர்கள்.

அடுத்த வருஷம் மழையில் வைக்கோல் நனைந்துவிடுமென்று கட்டுகளை உங்கள் அறைக்கு அடுத்த அறையில் அடுக்கி வைத்தோம். மாட்டுக்காரர் வீட்டில் மனுஷன் நனைந்தாலும் வைக்கோல் நனையக் கூடாது. தினமும் நான் அங்கேயே கட்டைப் பிரித்து உதறுவேன். தூசி கதவிடுக்கு வழியாக உங்கள் அறைக்குள் போனது. ஏசி ஓடியும் அறை குளிரவில்லை, பில் மட்டும் ஏறியது. மாட்டு மடியில் சின்னக் கீறல் விழுந்தாலும் கண்டுபிடிக்கிற நமக்கு, ஏசியின் மூடியைத் திறந்து பார்க்கத் தோன்றவில்லை.

"ஆனையக் கட்டித் தீனி போட்ட கதையா இருக்குது" என்று பகலில் ஏசி வேண்டாமென்றீர்கள். நான் மல்லுக்கட்டி மத்தியானம் மட்டும் போடுவேன். கொட்டகையில் மாடுகளுக்கு மூன்று ஃபேன் ஓடுகிறதே, அதில் ஒன்றை நிறுத்தலாமே என்றேன்.

"வெக்கைல பால் வத்திப்போயிரும் புள்ள. மாட்டுக்கு வாயில்ல. எனக்கு முடியலீன்னா நான் சொல்லமாட்டனா?"

நீங்கள் சொல்லவில்லை.

அந்தச் சித்திரை மத்தியானம் பால் கறக்கக் கிளம்பினேன். பேருக்கு ஓடிக்கொண்டிருந்த ஏசியைக் காட்டி, "நிறுத்திப்போட்டுப் போ" என்றீர்கள். உங்கள் பனியன் வேர்வையில் ஒட்டிக்கிடந்தது. நிறுத்திவிட்டுப் போனேன். கறந்து, பாலைச் சொசைட்டியில் ஊற்றிவிட்டு வந்து உங்களை எழுப்பினேன். எழவில்லை.

காரியமெல்லாம் முடிந்தபின் மகள் மெக்கானிக்கை அழைத்து வந்தாள். அவர் மூடியைத் திறந்தார். வலையில் தூசி கம்பளிபோல் படிந்திருந்தது.

"மிசின்ல ஒரு கோளாறும் இல்லீங்கம்மா. இதைக் கழுவுனாப் போதும். இருபத்தாறுல வெச்சு, ஃபேனையும் மெதுவா ஓட விடுங்க. கரண்டு கம்மியாத்தான் ஆகும்."

வைக்கோலை வேறிடத்துக்கு மாற்றிவிட்டும் வலையில் அந்த வாசம் போகவில்லை. மகளின் நச்சரிப்புக்காக இப்போது நானும் ஏசி போட்டுப் படுக்கிறேன். பகல் முழுக்க ஓடியும் பில் அப்போது வந்ததைவிடக் குறைவாகவே வருகிறது.

தூசி விஷயம் தெரியாமல் செய்தது. அதை எப்படியோ ஆற்றிக்கொண்டேன். ஆனால் அந்தப் பனியனை நான் கண்ணால் பார்த்தேன். கல்யாணமான நாள்முதல் நீங்கள் எதைச் சொன்னாலும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசிவிட்டுத்தான் கேட்பேன். அன்றைக்குக் கறவைக்கு நேரமாகிவிட்டதென்று, பேசாமல் சுவிட்சை அணைத்தேன்.