தடத்தில் கிடந்த முட்டை

அன்புள்ள அப்பாவுக்கு,

மகள் வணக்கம் சொல்லி எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாளா?

பயப்படாமல் படியுங்கள். நேற்று ஆறு பேரை சஃபாரி ஜீப்பில் ஏற்றிச் சதுப்பைத் தாண்டிப் புல்வெளிக்குப் போனேன். சக்கரத் தடத்திலேயே ஆள்காட்டிக் குருவி முட்டையிட்டிருந்தது. தாய்க்குருவி இறக்கையை விரித்து, பம்பருக்கு எதிரே நின்று கத்தியது. வண்டியை நிறுத்திவிட்டேன்.

முன் சீட்டுக்காரர் ஆத்திரத்தில் குதித்தார். "அங்க ஓநாய் போகுது! முட்டைதானேம்மா, மேல ஏத்திட்டுப் போ!"

"ஏத்த மாட்டேன் சார். தடத்த விட்டு வண்டியப் புல்லுலயும் இறக்கக் கூடாது."

ஒரு கிலோமீட்டர் ரிவர்ஸிலேயே திரும்பினேன். "உனக்கு ரிவர்ஸ் வராது" என்று சிரித்தீர்களே, ஒரு புல்கூட மடங்கவில்லை.

அந்த முன் சீட்டுக்காரர் புகார் கொடுத்துவிட்டார். "மன்னிப்பு எழுதிக் குடு, இல்லன்னா ஜீப் சாவியக் குடு" என்றார் மேலாளர். சாவியைக் கொடுத்துவிட்டேன். இப்போது வண்டி கழுவுகிறேன். 'நாணல் மாதிரி வளைஞ்சு குடும்மா' என்பீர்கள். இங்கே நாணல் ஏராளம் அப்பா, வளைய அதுகளே போதும்.

வீட்டில் இருக்கும் அந்தப் பழைய ரேடியோவை அனுப்புங்கள். செய்திக்காக இல்லை, அறையில் யாராவது பேசிக்கொண்டிருந்தால் சரி.

தபால் எடுத்துப்போகும் வண்டி ஹாரன் அடிக்கிறது. மன்னிப்பு எழுத மேலாளர் இரண்டு தாள் கொடுத்திருந்தார். ஒன்றில் இதை எழுதிவிட்டேன். மற்றதை உறைக்குள்ளேயே வைத்திருக்கிறேன், நீங்கள் பதில் எழுத.

உங்கள் மகள்