உள்பக்கத் தாழ்ப்பாள்

என் தங்கச்சி சரோசாவுக்கு,

போன செவ்வாய்க்கிழமை மடுல்கெல்லைக்குப் போனேன். பகல் பதினொரு மணிக்கே பனி தேயிலைத் தோட்டத்து லயத்துக் கூரைவரை இறங்கியிருந்தது. உன் மகள் கவிதாவுக்கு மூன்று மாதக் கரு கலைந்துவிட்டதாகப் பக்கத்துக் காம்பரா பாக்கியம் அக்கா போனில் சொல்லியிருந்தார்.

நீ இருந்த அதே காம்பரா, அதே ஒற்றை அறை. உனக்குக் கரு கலைந்தபோதும் அந்தக் கதவுக்கு வெளியேதான் நின்றேன். தீட்டு, ஆண்கள் உள்ளே போகக்கூடாது என்றார்கள். "எப்படி இருக்கே?" என்றேன். "லேசாத்தாண்ணே போகுது. நீ டீ குடிச்சியா?" என்றாய். நம்பி, டீ குடிக்கப் போனேன். திரும்பியபோது உன்னைத் தோட்டத்து லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கண்டிக்குப் போய்ச் சேருமுன் முடிந்துவிட்டது. பத்திரிகைக்காரனாகக் கேள்வி கேட்டே பிழைத்தவன், உன்னிடம் இரண்டாவது கேள்வி கேட்கவில்லை.

செவ்வாயன்றும் வெளியே நின்று கேட்டேன்.

"லேசாத்தான் மாமா போகுது. நீங்க டீ குடிச்சீங்களா?"

உன் குரல். உன்னுடையதைப் போன்ற குரல் என்று எழுதுவதே சரி. அப்படி எழுதக் கை வரவில்லை.

"எத்தனை துணி மாத்தின?"

பதில் இல்லை. "ஆம்பள கேக்குற கேள்வியா இது? பேப்பர்ல போடப்போறீங்களா?" என்றார் பாக்கியம் அக்கா. கதவைத் தள்ளினேன். திறந்துகொண்டது.

மணிக்கு இரண்டு துணி மாற்றியிருந்தாள், அப்படியே மூன்று மணி நேரம். உதடு வெளுத்திருந்தது, எழுந்தால் கண் இருட்டுது என்றாள். ஓட்டோவில் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சேலைன், பிறகு இரத்தம் ஏற்றினார்கள். கருப்பையில் தங்கியிருந்ததை எடுத்த பிறகே பெருக்கு நின்றது. "மிச்சம் உள்ளே இருந்தா இரத்தம் நிக்காது ஐயா, துணியை எண்ணணும்" என்றார் டாக்டர்.

மறுநாள் கவிதா கேட்டாள்: "மாமா, உங்களோட வந்தவங்க எங்க?"

"யாரும் வரலையே."

"கதவைத் தொறந்துவிட்டாங்களே. கை ஈரமா இருந்துச்சு."

தாழ்ப்பாள் உள்பக்கம்தான் இருக்கிறது. காலையில் தானே போட்டதாகக் கவிதா சொல்கிறாள். பாக்கியம் அக்கா என்னோடு வெளியே நின்றார். இருவரிடமும் தனித்தனியே கேட்டு எழுதிக்கொண்டேன். நீ போனபோது கவிதாவுக்கு இரண்டு வயது. உன் முகம் அவளுக்குத் தெரியாது. யார் அது, சரோசா?

கவிதா வீடு திரும்பிவிட்டாள். அந்தத் தாழ்ப்பாளைத் துடைக்கத் துடைக்க ஈரம் வருகிறதாம். பனி என்கிறார் பாக்கியம் அக்கா. இருக்கலாம்.

இனி எந்தப் பெண் 'லேசாத்தான்' என்றாலும் எத்தனை துணி என்று கேட்பேன். பதில் வராவிட்டால் உள்ளே போவேன். கதவை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ படுத்துக்கொள்.

இந்த முறை டீ குடிக்கப் போகாத
உன் அண்ணன்