ஆற்றங்கரையில் ஒரு ஜோடிச் செருப்பு

என் வயிற்றில் முதலில் பிறந்த சரசுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற கைதான். ஆனாலும் இதை வேறு யாரையும் எழுத விடவில்லை. உன் மகள் தர்ஷினி பத்திரிகைக்கு அனுப்பப் போகிறாளாம். அனுப்பட்டும். நம் லயத்துக்காரர்களும் படிக்கட்டும்.

தோட்டத்து லயத்து வரிசை வீடுகளுக்குக் கரண்ட் வந்துவிட்டது. நம் காம்பரா அறையிலும் ஒரு பல்பு எரிகிறது. நீ ஆற்றோடு போனபோது தர்ஷினிக்கு மூன்று வயது. இப்போது சாதாரணதரப் பரீட்சை எழுதப் போகிறாள், வகுப்பில் முதல் பிள்ளை. தலைமை வாத்தியார் என்னைக் கூப்பிட்டு நாற்காலி போட்டு உட்கார வைத்துப் பேசினார், சரசு. எனக்கு அன்றைக்குக் கால் தரையில் படவில்லை.

அந்தப் பிள்ளைதான் போன மாதம் முழுக்கச் சோற்றைத் தொடவில்லை. ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே வைத்துவிட்டு எழும்பிவிடுவாள்.

பீலிக் குழாயில் தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில் நம் லயத்துப் பாக்கியத்தோடு வரிசைச் சண்டை. பாக்கியத்தின் வாய் உனக்குத் தெரியாததா? "செருப்ப ஜோடியா கழட்டி வச்சிட்டு ஆத்துல குதிச்சவ மகதானேடி நீ, ரோசத்துக்கு மட்டும் கொறச்சல் இல்ல" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாள்.

பிள்ளை குடத்தை இறக்கி வைத்துவிட்டு என்னிடம் ஒன்றுதான் கேட்டது.

"அம்மாயி, அம்மா என்ன வேணாம்னுட்டா போனாங்க?"

"வழுக்கி விழுந்துட்டா கண்ணு."

"நீங்க பாத்தீங்களா?"

நான் பார்க்கவில்லையே சரசு.

மார்கழி பிறந்ததும் பள்ளிக்கூடத்தில் கண்காட்சி என்றார்கள். குளிர் காலத்தில் அவரவர் ஊர் வழியைப் படம் எடுத்து வர வேண்டுமாம். பதுளையில் ஸ்டூடியோ வைத்திருக்கும் சிநேகிதியின் அப்பாவிடம் ஒரு கேமரா இரவல் வாங்கி வந்து, "ஆத்து வழியத்தான் எடுக்கப் போறேன்" என்கிறாள். நீ போன பிறகு நான் அந்த வழியில் கால் வைத்ததில்லை. லொறி ரோட்டு வந்த பின் வேறு யாரும் அதில் நடப்பதுமில்லை. சாப்பிடாத பிள்ளையை அந்தத் தண்ணீர் பக்கம் தனியே விடுவேனா? ஒன்றை வாங்கிக்கொண்டது போதாதா அதற்கு? கூடவே போனேன்.

மழை விட்டிருந்தது. பனி மூடி ஆறு கண்ணுக்குத் தெரியவில்லை, இரைச்சல் மட்டும் கூடவே வந்தது. மூங்கில் புதரை எடுத்தாள், தேயிலைச் செடியில் நனைந்து தொங்கிய சிலந்தி வலையை எடுத்தாள். பிறகு என்னை முன்னால் விட்டு என் முதுகை எடுத்தாள்.

"கேமராவப் பாக்காதீங்க அம்மாயி, சும்மா நடங்க."

"சும்மா எங்கடி நடக்குறது, கால்ல அட்ட ஏறுது!"

"இருங்க, அட்டையையும் சேத்து எடுக்குறேன்."

சிரித்தாள். எத்தனை நாளைக்குப் பிறகு!

ஆற்றோரத்துக் கல்லுக்கு வந்துவிட்டோம். நான் உன்னை நினைத்துக்கொண்டு வந்தேனே தவிர, என் காலும் கையும் என்ன செய்தன என்று எனக்குத் தெரியாது. சேற்றுக்குப் பயந்து கையில் பிடித்து வந்த செருப்பை மேல்கல்லில் வைத்துவிட்டு, கீழ்க்கல்லில் இறங்கிக் கால் கழுவக் குனிந்தேன்.

"அம்மாயி! அசையாதீங்க!"

"ஏன்டி, பாம்பா?"

"செருப்பு. ஏன் அங்க வச்சீங்க?"

"வேற எங்க வைப்பாங்க? சேத்துக் காலோட டவுனுக்குப் போனா பஸ்ஸுல பக்கத்துல உக்கார விடுவானுங்களா? நாங்க எல்லாருமே இங்கதான் வச்சிட்டு..."

திரும்பி அந்தச் செருப்பைப் பார்த்தேன். கேமரா சத்தம் மட்டும் கேட்டது.

உன் செருப்பு கிடந்த இடத்தை நான் பார்த்ததில்லை சரசு. அதை என் கையில் கொண்டுவந்து கொடுத்து, "ஜோடியா இருந்துச்சு" என்றுதான் சொன்னார்கள். உன் புருஷன் கொழும்பில் வேறொருத்தியோடு இருக்கிறான் என்ற கதை அதற்கு முன்பே லயமெல்லாம் சுற்றிவிட்டது. அதனால் டவுனுக்குப் போகும்போதெல்லாம் அதே கல்லில் செருப்பு வைத்துக் கால் கழுவிய பெண்களே, உன் செருப்புக்கு மட்டும் வேறு அர்த்தம் சொன்னார்கள். பாக்கியமும் அங்கேதானே கால் கழுவினாள்!

மேலே ஏறத் திரும்பினேன். பாசியில் கால் வழுக்கியது. "ஐயோ" என்று சொல்லக்கூட நேரமில்லை. பிள்ளை பாய்ந்து என் கையைப் பிடித்தாள். உன்னைப் பிடிக்க அன்று யாருமில்லையே அம்மா!

அன்று வீட்டில் இரண்டு ரொட்டி சாப்பிட்டாள். "அந்தக் கல்லப் பாத்தது எனக்குப் போதும் அம்மாயி. உங்களுக்கு?" என்று கேட்டாள்.

எனக்குப் போதவில்லை. அவள் படிப்பாள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன், பொய் சொன்னால் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள். டவுனில் பிள்ளைக்கு இருமல் மருந்து வாங்கி வருகிறேன் என்று கிளம்பிய அன்று, வாசலில் நின்று "அம்மா, புள்ளையப் பாத்துக்க" என்றாய். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு ஓடும்போதும் தினமும் அதையேதான் சொல்வாய். அன்று சொன்னதும் தினமும் சொல்வதுதானா? இல்லை, கடைசியாகச் சொன்னதா? உன் முகத்தைப் பார்க்காமல் அடுப்பை ஊதிக்கொண்டு "ம்" என்றேனே, திரும்பிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்குமா? எத்தனை வருடமாகக் கேட்கிறேன். கனவிலாவது வந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? பெற்றவளை இப்படித் தவிக்க விடலாமா?

கண்காட்சிக்கு அந்தப் படத்தைத்தான் கொடுத்திருக்கிறாள். பனிக்குள் ஒரு கல், அதன் மேல் என் செருப்பு.

நான் உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். கண்காட்சி நடக்கும் நாளெல்லாம் அந்தப் படத்துக்குப் பக்கத்தில் நிற்பேன். பாக்கியம் வந்தாலும் சரி, தோட்டமே திரண்டு வந்தாலும் சரி, என் வாயால் சொல்வேன்: "என் மக கால் களுவத்தான் எறங்குனா." நீயே வந்து இல்லை என்று சொல்லும்வரை அதுதான் உண்மை.

உன்னைப் பெற்றவள்,
உன் மகளை வளர்ப்பவள்,
அம்மா