அறுபத்தொன்றுக்குப் பதினெட்டு

அல் கோபார்
23.5.2002

அன்புள்ள ஷ்ருதிக்கு,

அம்மா எழுதுவது. அப்பா, பாலா, நான் மூவரும் சௌக்கியம். நீயும் சௌக்கியம் என்றுதான் ஒவ்வொரு வாரமும் போனில் சொல்கிறாய். சரி, நம்பி வைக்கிறேன்.

உறையில் இந்திய ஸ்டாம்பைப் பார்த்து யோசித்திருப்பாய். இந்தக் கடிதம் அப்பாவின் ஆபீஸ் தபால் பெட்டி வழியாக வரவில்லை. மூன்றாவது மாடி பானுமதி ஆன்ட்டி சனிக்கிழமை லீவில் ஊருக்குப் போகிறாள். கோயம்புத்தூர் போய்ச் சேர்ந்ததும் தபாலில் போடச் சொல்லி அவளிடம் கொடுக்கிறேன். அப்பா கை வழியாக வரும் கடிதம் பிரிக்கப்படாமல் வருகிறது என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. தீபாவளிக்கு நீ எழுதியதன் உறையில் பசை இரண்டு நிறத்தில் இருந்தது. கேட்டதற்கு, "கஸ்டம்ஸ்ல பிரிச்சிருப்பாங்க" என்றார். உன் ஹாஸ்டல் சாம்பார் எப்படி இருக்கிறது என்பதில் கஸ்டம்ஸ்காரனுக்கு என்ன அக்கறையோ. போனில் பேசலாமென்றால் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே நாற்காலி இழுத்துப் போட்டுக்கொள்கிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். ஜூன் பத்தாம் தேதிக்குள் நீ முடிவு சொல்ல வேண்டும். அதே காலேஜில் எம்.காம். சேர்ந்தால் ஃபீஸ் கிடையாது, தனி ரூம், கேப்டன் பதவி. சென்னைக்குப் போனால் உன்னைக் கூப்பிட்ட கோச் ஜெயமணி மேடத்தின் பாஸ்கெட்பால் டீமில் முதல் வருஷம் முழுக்க ஆடாமல் பெஞ்சில்தான். அப்பா அதே காலேஜிலேயே இரு என்று சொல்லிவிட்டார். நீயும் "சரிப்பா" என்றாய். அந்தச் சரியின் சுருதி எனக்குச் சரியாகப் படவில்லை.

உங்கள் பி.டி. சார் விஜயபாஸ்கர் மேல் எனக்கு முதலிலிருந்தே சந்தேகம். போன வருஷம் வரைக்கும் உங்கள் காலேஜ் நகர மண்டலத்தில் ஆடியது. பதினான்கு டீமில் ஐந்தாவது இடம். இந்த வருஷம் ஊருக்கு வெளியே புதுக் கட்டடம் கட்டினார்கள், அதைக் காட்டிப் புறநகர் மண்டலத்துக்கு மாற்றிக்கொண்டார்கள், சாம்பியன் ஆகிவிட்டீர்கள். அதே பெண்கள், அதே பி.டி. சார். ஒரே வருஷத்தில் அப்படி என்னடி சாப்பிட்டீர்கள்?

நீ அனுப்பிய ஸ்கோர்களைப் பாலா ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறான். அறுபத்து நாலுக்கு ஏழு. எழுபத்தொன்றுக்கு ஒன்பது. வீட்டுக்கு வருகிறவர்களெல்லாம் பார்த்துவிட்டு ஆஹா என்கிறார்கள். நான் மட்டும் அந்த ஏழையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். ஒரு ஆட்டம் முழுக்க ஆடி ஏழே புள்ளி எடுக்கிறது ஒரு டீமா? இல்லை, எண்ணிக்கைக்காக வகுப்பிலிருந்து எழுப்பிக் கூட்டி வந்த பிள்ளைகளா? ஜெயித்த கணக்கை எழுதுகிறாய், யாரை ஜெயித்தாய் என்று ஒரு தடவைகூட எழுதவில்லை. நானாக இரண்டு முறை கேட்டேன். இரண்டு முறையும் போன் கார்டு தீர்ந்துபோனது என்று சொல்லி வைத்துவிட்டாய். கார்டு என்னுடையது, ஷ்ருதி. அதில் இன்னும் இருபது நிமிஷம் இருந்தது.

அதனால் வேவு பார்த்தேன். கோபப்பட்டால் படு. பானுமதியின் தங்கை ராதிகா கோயம்புத்தூரில்தானே இருக்கிறாள். லைப்ரரியில் போய்ப் பழைய பேப்பரைப் புரட்டச் சொன்னேன். பாவம், மூன்று நாள் போயிருக்கிறாள். உங்கள் மண்டலத்தில் மொத்தம் ஐந்தே காலேஜ். ஒன்று போன வருஷம் திறந்தது. இன்னொன்றில் மாற்று ஆள்கூட இல்லை, ஐந்து பேர்தான் வந்தார்கள், ஒருத்திக்குக் கால் சுளுக்கியதும் நாலு பேரோடு ஆடினார்கள். அவர்களைத்தான் எழுபத்தொன்றுக்கு ஒன்பது என்று ஜெயித்திருக்கிறீர்கள்.

இன்னொரு செய்தியையும் ராதிகா நறுக்கி அனுப்பினாள். பிப்ரவரியில் மாநிலப் போட்டிக்குப் போனீர்களே, அது. அறுபத்தொன்றுக்குப் பதினெட்டு. பதினெட்டு உங்களுடையது. அந்த வாரம் நீ எனக்கு எழுதியது இரண்டே வரி. "மேட்ச் முடிந்தது அம்மா, நல்ல அனுபவம்." எல்லா ஆட்டத்துக்கும் ஸ்கோர் எழுதுகிறவள் இதற்கு மட்டும் எழுதவில்லை என்றதும் எனக்குப் புரிந்துவிட்டது. எப்படிப் புரிந்தது என்று பின்னால் சொல்கிறேன்.

ஜெயமணி மேடத்தையும் நான் லேசில் நம்பவில்லை. நாற்பத்து மூன்று புள்ளியில் தோற்ற டீமிலிருந்து ஒரு பெண்ணைத் தேடி வந்து கூப்பிடுகிறாரே, இதில் என்ன உள்குத்து என்று நாலு நாள் மண்டையைக் குடைந்தேன். அப்புறம் அந்தத் துண்டுச் செய்தியைத் திரும்பப் படித்தேன். கடைசி வரியில் உன் பெயருக்குப் பக்கத்தில் பதின்மூன்று என்று போட்டிருக்கிறது. பதினெட்டில் பதின்மூன்று. அந்த அம்மாள் பார்த்தது அதைத்தான். எழுபத்தொன்றில் நீ முப்பது போட்டாயே, அதைப் பார்க்க யார் வந்தார்கள்? வருஷா வருஷம் பல்கலைக்கழக டீமுக்கு ஆள் எடுக்கிறவர்கள் உங்கள் மண்டலத்தின் பக்கம் தலைகாட்டியிருக்கிறார்களா என்று உன் பி.டி. சாரைக் கேட்டுப் பார். பரீட்சை முடிந்த பெண்ணுக்குக் கோடைப் பயிற்சி முகாம் எதற்கென்றும் கேள். கையெழுத்துப் போடும்வரை உன்னைக் கண்பார்வையில் வைத்துக்கொள்ளத்தான், வேறென்ன. அப்பாவிடம் போனில் அவர் பேசியதைக் கேட்டேன். "உங்க பொண்ணு இருந்தா இன்னும் ரெண்டு வருஷம் கப்பு எங்களுக்குத்தான் சார்" என்றார். எங்களுக்கு என்றுதான் சொன்னார். உனக்கு என்று சொல்லவில்லை. அப்பாவுக்கு அது காதில் விழவே இல்லை. பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

ஷம்சாத் வீட்டு மதிலுக்குள் வியாழக்கிழமை சாயங்காலம் நாங்கள் ஏழெட்டுப் பெண்கள் பந்து போடுகிறோம் என்று சொல்லியிருக்கிறேன் அல்லவா. இரண்டு வருஷமாக நான் அங்கே தோற்றதே இல்லை. "சந்திரகலா பாபி சாம்பியன்" என்று கை தட்டுகிறார்கள். அதில் இரண்டு பேர் பந்து பக்கத்தில் வந்தாலே கண்ணை மூடிக்கொள்வார்கள். ஒருத்திக்கு முட்டி வலி. கை தட்டும்போது எனக்கும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது, பொய் சொல்வானேன். ஆனால் வீட்டுக்கு வரும் வழியில் காரின் பின் சீட்டில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். ஏன் என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

1980 டிசம்பர். எங்கள் காலேஜ் மூன்று வருஷமாக எங்கள் பக்கத்தில் தோற்றதில்லை. நான் கேப்டன். பல்கலைக்கழக டீமுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று மதுரைக்குப் போனேன். நாற்பது பெண்கள் வந்திருந்தார்கள். என் ஷாட்டைத் தடுக்கக் கை தூக்கக்கூட எங்கள் ஊரில் ஆள் கிடையாது. அங்கே ஒரு மதுரைப் பெண் அதை என் தலைக்கு மேலேயே தட்டிவிட்டாள். அடுத்ததையும் தட்டினாள். பதினைந்து நிமிஷம். தேர்வாளர் என் பெயரைக் கேட்டார், தாளில் ஒன்றும் எழுதவில்லை. அந்தப் பெண்ணிடம் முதல் வருஷமே நான் அடி வாங்கியிருந்தால் மூன்றாவது வருஷத்துக்குள் ஷாட்டை உயரத் தூக்கக் கற்றிருப்பேன். யாரும் தடுக்காததால் எனக்குத் தெரியவே இல்லை. வீட்டுக்கு வந்து உன் தாத்தாவிடம் சொன்னேன், நல்ல அனுபவம் என்று.

அடுத்த வாரமே அப்பாவின் ஜாதகம் வந்தது. உடனே தலையாட்டினேன். கல்யாணத்துக்காக விளையாட்டை விட்டேன் என்றுதான் உனக்கும் பாலாவுக்கும் சொல்லியிருக்கிறேன். அப்பாவும் அப்படித்தான் நம்புகிறார். இருபத்தொரு வருஷமாக எந்தச் சண்டை வந்தாலும் கடைசியில் அதை எடுத்துப் போடுவேன். "உங்களுக்காகத்தானே விட்டேன்" என்றதும் மனிதர் வாயடைத்துப் போவார். அதுவும் ஏழு புள்ளி டீமை ஜெயிப்பது மாதிரிதான். எனக்கே வெட்கமாக இருக்கிறது.

சென்னைக்குப் போ, கண்ணு. பெஞ்சில் உட்கார். தினமும் உன்னைவிடப் பெரியவர்களிடம் தோற்றுப் பழகு. அப்பா மனசை நீதான் மாற்ற வேண்டும். நான் சொன்னதாகத் தெரிய வேண்டாம். படித்ததும் இதைக் கிழித்துப் போட்டுவிடு. பானுமதி ஊறுகாய் பாட்டிலும் பேரீச்சம்பழமும் அனுப்புவாள், பி.டி. சாருக்குக் கொடுத்துவிடாதே.

இனி "நல்ல அனுபவம்" என்று மட்டும் எனக்கு எழுதாதே. தோற்றால் ஸ்கோரோடு எழுது. நீ எங்கே போய் நின்றாலும் உன் கை உயரட்டும்.

உன்
அம்மா

* * *

அல் கோபார்
24.5.2002

செல்வி ஷ்ருதிக்கு அப்பாவின் ஆசீர்வாதம்.

இந்தக் கடிதமும் அம்மாவின் கடிதமும் ஒரே பெட்டியில் வருகின்றன. அம்மாவுடையதை முதலில் படி.

இன்று வெள்ளிக்கிழமை, ஜும்மா லீவு. பானுமதியின் கணவன் வெங்கட்ராமன் ஊருக்குப் போகும் பெட்டிகளை நம் வீட்டில் எடை போடக் கொண்டு வந்தான். இந்தக் கட்டடத்தில் தராசு நம்மிடம்தான் இருக்கிறது. இரண்டு கிலோ அதிகம். எதை எடுப்பது என்று திறந்து பார்த்தபோது பானுமதியின் புடவைகளுக்கு நடுவே ஒரு உறை தெரிந்தது. அம்மாவின் கையெழுத்தில் உன் விலாசம். என்னிடம் கொடுக்காமல் ரகசியமாக அனுப்புகிறாள் என்றால் உன் விஷயத்தில் ஏதோ பையன் சமாசாரம் என்றுதான் முதலில் நினைத்தேன். கை அரித்தது. பிரிக்கவில்லை. வெங்கட்ராமன் பார்த்துக்கொண்டிருந்தான் என்பது ஒரு காரணம்.

பிறகு உட்கார்ந்து யோசித்தேன். மூன்று வாரமாக அவள் ஃப்ரிட்ஜ் கதவின் முன்னால் நிற்பதைப் பார்க்கிறேன். அலமாரியில் ஒரு பேப்பர் துண்டும் கிடைத்தது. 61-18. அப்போது புரிந்தது. மதுரையில் நடந்ததை அவள் உனக்கு எழுதியிருக்கலாம். எழுத மனம் வராமலும் இருந்திருக்கலாம். எப்படியானாலும் உனக்குத் தெரிய வேண்டும் என்பதால் நான் எழுதுகிறேன்.

அன்று நான் அந்த மைதானத்தில் இருந்தேன். தரகர் அம்மாவின் ஜாதகத்தைக் கொண்டு வந்து, பெண் பாஸ்கெட்பால் ஆடுவாள், டீம் தேர்வுக்கு மதுரை போகிறாள் என்று சொன்னார். நம் வீட்டுக்கு ஒத்து வருமா என்று எனக்குச் சந்தேகம். யாருக்கும் தெரியாமல் பஸ் ஏறிப் போய் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். எல்லாம் பார்த்தேன். இரண்டு ஷாட்டையும் பார்த்தேன். அம்மா வெளியே வந்து கீழ்ப்படியில் உட்கார்ந்தாள். மார்பில் குத்தியிருந்த நம்பர் துணியைக் கழற்றி நாலாக மடித்தாள், எட்டாக மடித்தாள், மடிக்க முடியாத அளவுக்கு மடித்தாள். அப்புறம் எழுந்து போய், தேர்வான பெண்களுக்கு நின்று கை தட்டினாள். அழவில்லை. அங்கேயே முடிவு செய்துவிட்டேன். ஊருக்குத் திரும்பிய மறுநாளே என் ஜாதகத்தை அவள் வீட்டுக்கு அனுப்பச் சொன்னேன்.

எனக்காக விட்டேன் என்று அவள் சொல்லும்போதெல்லாம் நான் பேசாமல் இருந்துவிடுவேன். சொல்லிக்கொள்ளட்டும். எனக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை.

உன்னை அதே காலேஜில் இருக்கச் சொன்னதும் கப்புக்காக இல்லை, மிச்சமாகும் ஃபீஸுக்காகவும் இல்லை. அந்த முகத்தை ஒரு தடவை பார்த்தவன் நான். அதை உன்னிடமும் பார்க்கத் தைரியம் வரவில்லை. ஜெயித்துக்கொண்டே இருக்கட்டும் என்று நினைத்தேன். ஆனால் பதினெட்டில் பதின்மூன்று உன்னுடையது என்று பேப்பரில் போட்டிருக்கிறது. அம்மாவுக்கு அன்று ஒன்றுகூட விழவில்லை. உன்னை நம்பாமல் என் பயத்தை நம்பினேன், தப்புதான். அவள் போகச் சொல்லியிருந்தால் போ. அந்தக் கோர்ட்டில் நின்றவள் அவள், நான் பார்த்தவன் மட்டும்தான். விஜயபாஸ்கர் சாருக்கு நானே போன் பண்ணிச் சொல்லிவிடுகிறேன். சென்னை ஃபீஸ் பற்றி நீ யோசிக்க வேண்டாம்.

நான் மதுரைக்கு வந்தது அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். எந்தக் காலத்திலும்.

அம்மாவுக்கு ஒழுங்காகக் கடிதம் எழுது. எத்தனை புள்ளியில் தோற்றாலும் எழுது. அதெல்லாம் என் ஆபீஸ் பெட்டிக்குத்தான் வரும். தீபாவளிக் கடிதத்தைப் பிரித்தது கஸ்டம்ஸ் இல்லை, நான்தான். இனிமேல் பிரிக்க மாட்டேன்.

அப்பா
அனந்தகிருஷ்ணன்