பின்னாடி நகர்ந்து துடைப்பது

அன்புள்ள அம்மாவுக்கு,

பார்கவி எழுதுறேன். முட்டி வலி குறைஞ்சுதா? ஜோகுபாளையத்துல தண்ணி ஒழுங்கா வருதா? இந்தத் தீவுல, யோகா மையத்துக்கு வந்ததுமே போனை வாங்கி வெச்சுட்டாங்க, அதான் கடிதம். நான் நல்லா இருக்கேன்.

இங்க எனக்குக் கொடுத்த சேவை, தினமும் கூடத்தைத் துடைக்கிறது. தொம்மலூர் ஆபீஸ்ல நீ செய்யிற மாதிரியே பின்னாடி நகர்ந்துகிட்டே துடைச்சேன். ஒரு கால் தடம்கூட விழல. "யார் கத்துக்கொடுத்தாங்க?"ன்னு டீச்சர் கேட்டாங்க. எல்லார் முன்னாடியும் உன்னைச் சொல்ல வாய் வரலம்மா. "யூடியூப்ல பார்த்தேன்"னுட்டேன். கை தட்டினாங்க.

வீட்டுல நீ துடைச்ச ஈரத்துல செருப்போட நடந்தவதானே நான்.

தபால் படகு கிளம்பப்போகுது. குதிகால் வெடிச்சிருக்கு. நீ தினம் ராத்திரி குதிகால்ல தடவிக்கிற களிம்பு ஒண்ணு அனுப்பும்மா. அது பேரைக்கூட நான் கேட்டதில்ல.

பார்கவி